உள்ளே இருப்பவர் யார்? பிரான்சில் ரவுண்டானாவைக் கடக்கும் விதம்

லண்டனில் இருக்கும் தமிழர்களில் பலர் வருடத்துக்கு ஒரு முறையாவது காரோடு பாரிஸ் போய் வருவார்கள். பாரிஸில் தமிழர்கள் கூடும் லா ஷப்பல் பகுதியில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், இல்லாவிட்டால் பிள்ளையார் கோயில் தேர் இருக்கும். ஃபோக்ஸ்டனில் காரை ரயிலுக்குள் ஏற்றினால் 35 நிமிடத்தில் பிரான்சின் கலே. இறங்கிய கார் நேராக நெடுஞ்சாலையில் போய்ச் சேரும். அங்கே எல்லோரும் ஒரே திசையில் போவதால், சாலையின் வலது பக்கம் ஓட்டுவது உடனே கைவந்துவிட்டது போலத் தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து பெட்ரோல் போட நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போதுதான் முதல் ரவுண்டானா எதிரே வரும்.

நான் முதல் தடவை போனபோது அந்த இடத்தில் என் தலை தானாக வலது பக்கம் திரும்பியது. இருபது வருடப் பழக்கம். வலது பக்கம் சாலை காலியாக இருந்தது. பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிட்டேன். "இந்தப் பக்கம் பாருங்க!" என்று இடது சீட்டில் இருந்து மனைவி கத்தியதும் நிறுத்தினேன். ஒரு வேன் எங்கள் முன்பக்கத்தை உரசாத குறையாகக் கடந்து போனது. அதற்குப் பிறகுதான் ரவுண்டானா எப்படி வேலை செய்கிறது என்று சரியாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். வேலை செய்யும் விதம் புரிந்தால், எந்த நாட்டில் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

தமிழ்நாட்டில் ரவுண்டானா, இலங்கையில் சுற்றுவட்டம். பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். நடுவில் ஒரு திட்டு, அதைச் சுற்றி ஒரே திசையில் ஓடும் சாலை. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளும், பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றியிருக்கும் எத்துவால் சதுக்கமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வண்டிகளை ஒரே திசையில் சுற்ற வைத்தன. இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரில் 1909-இல் ஒன்று கட்டினார்கள். ஆனால் இவற்றில் ஒரு பெரிய குறை இருந்தது. வண்டிகள் பெருகியதும் அவை அடைத்துக்கொண்டன.

ஏன் அடைத்துக்கொண்டன என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. வட்டத்துக்குள் இருபது கார்கள் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து நுழைபவருக்கு முதல் உரிமை என்றால், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு நுழைவாயிலிலும் நின்று வழிவிட வேண்டும். அவர் நின்றால் பின்னால் வருபவரும் நிற்பார். பின்னால் நிற்பவரோ அடுத்த வழியில் வெளியேற வேண்டியவர். அவரால் வெளியேற முடியவில்லை, அதற்குள் புதிதாக இன்னும் இரண்டு பேர் நுழைந்துவிடுகிறார்கள். வட்டம் நிரம்ப நிரம்ப வெளியேறுவது குறையும், வெளியேறுவது குறையக் குறைய வட்டம் இன்னும் நிரம்பும். கடைசியில் யாரும் அசைய முடியாது.

இப்போது விதியைத் திருப்பிப் போடுங்கள். நுழைபவர் காத்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் நிற்காமல் போகலாம். உள்ளே கூட்டம் அதிகமானால் நுழைய இடைவெளி கிடைக்காது. யாரும் நுழையாதபோது உள்ளே இருப்பவர்கள் வெளியேறி இடம் காலியாகிவிடும், மறுபடி இடைவெளி பிறக்கும். பானை நிரம்பினால் குழாய் தானே மூடிக்கொள்வது மாதிரி. சிக்னல் விளக்கோ போலீஸ்காரரோ இல்லாமல் ரவுண்டானா தன்னைத் தானே சரி செய்துகொள்கிறது.

பிரிட்டன் இந்த விதியை 1966-இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. அதற்கு முன்பு அங்கே ரவுண்டானாவில் யாருக்கு உரிமை என்று தெளிவான விதியே இல்லை. அரசின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளருக்கு இந்த மாற்றத்தில் பெரிய பங்கு உண்டு. சாலையில் வெள்ளை வட்டம் மட்டும் வரைந்த மினி ரவுண்டானாவை உருவாக்கியவரும் அவர்தான். ஸ்விண்டன் நகரில் ஐந்து மினி ரவுண்டானாக்களை ஒரே வட்டமாகக் கோத்த அந்தப் புகழ்பெற்ற சந்திப்பும் 1972-இல் அவருடைய கையிலிருந்து வந்ததே. பார்த்தால் தலை சுற்றும். ஆனால் ஒவ்வொரு சிறு வட்டத்திலும் மேலே சொன்ன அந்த ஒரே விதிதான் ஓடுகிறது.

பிரிட்டனில் அந்த விதியைச் சொல்லும் முறை, "வலது பக்கமிருந்து வருபவருக்கு வழிவிடு." இந்தியாவிலும் இலங்கையிலும் ஓட்டிப் பழகியவர்களுக்கும் இது தெரிந்த வாசகம். இடது பக்கம் ஓட்டும் நாடுகளில் ரவுண்டானா கடிகார முள் போகும் திசையில் சுற்றும், ஆகவே உள்ளே இருப்பவர் நம் வலது பக்கமிருந்துதான் வருவார். வலதுக்கு வழிவிடு என்றால் உள்ளே இருப்பவருக்கு வழிவிடு என்றுதான் அர்த்தம்.

பிரான்சிலும் இதே வாசகம் உண்டு, இன்னும் பழையதாக. குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கமிருந்து வருபவருக்குத்தான் உரிமை. ஆனால் அங்கே ரவுண்டானா கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. உள்ளே இருப்பவர் நம் இடது பக்கமிருந்து வருவார். உள்ளே இருப்பவருடைய பார்வையில், நுழையப் போகும் நாம்தான் வலது பக்கம். ஆக, வார்த்தைக்கு வார்த்தை அதே விதி, ஆங்கிலக் கால்வாயின் இந்தக் கரையில் ரவுண்டானாவை ஓட வைக்கிறது, அந்தக் கரையில் அடைத்துப் போடுகிறது! இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே உடல் சிலிர்த்தது.

பிரான்ஸ் 1980-களில் இதைத் திருத்தியது. ரவுண்டானாவுக்கு முன்னால் ஒரு பலகை வைத்தார்கள்: சிவப்புக் கரை போட்ட முக்கோணம், உள்ளே ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள். அதன் கீழே பெரும்பாலும், "உங்களுக்கு முன்னுரிமை இல்லை" என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். இந்தப் பலகை இருந்தால் உள்ளே இருப்பவருக்கே உரிமை. அதன் பிறகு அங்கே ரவுண்டானாக்கள் காளான் போல முளைத்தன, இன்று முப்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை என்று சொல்வார்கள்.

பலகை இல்லாத பழைய வட்டங்களும் சில உண்டு. அவற்றில் பழைய விதியே நடக்கிறது, நுழைபவருக்கு உள்ளே இருப்பவர் நின்று வழிவிட வேண்டும். எத்துவால் சதுக்கம் அப்படித்தான். பன்னிரண்டு அவென்யூக்கள் வந்து சேரும் அந்த வட்டத்தில் லேன் கோடுகூடக் கிடையாது. லண்டன் காரை முதல் தடவையாக ஓட்டிப் போகிறவர் அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து. காரை எங்காவது நிறுத்திவிட்டுச் சுரங்கப் பாதை வழியாக நடந்தே வெற்றி வளைவைப் பார்த்து வரலாம்.

சரி, பலகை இருக்கிற சாதாரண ரவுண்டானாவுக்கு வருவோம். அது எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நான்கு சாலைகள் சந்திக்கும் சாதாரண நாற்சந்தியில் இரண்டு வண்டிகளின் பாதைகள் உரசக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றை லேன் ரவுண்டானாவில் 8 மட்டுமே. அதைவிட முக்கியம், நேருக்கு நேர் மோதலும் பக்கவாட்டில் குத்தும் மோதலும் ஏறக்குறைய இல்லாமல் போகின்றன. மிச்சம் இருப்பவை சாய்வாக உரசும் மோதல்கள். அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றிய பிறகு நடந்த ஆய்வில், ஆட்கள் காயமடையும் விபத்துகள் முக்கால் பங்கு குறைந்தது தெரியவந்தது.

வேகமும் காரணம். வளைந்து போகும் காரை வெளிப்பக்கம் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 20 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அந்தத் தள்ளல் நம் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு இருக்கும், உடம்பு நன்றாகச் சாயும். அதே வளைவில் 50-ல் போனால் எடைக்குச் சமமாகிவிடும், டயர் சாலையை விட்டு வழுக்கும் எல்லை அதுதான். ஆகவே நடுத்திட்டைப் பெரிதாகக் கட்டி, காரின் பாதையை வளைத்துவிட்டால், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை சொல்லாததை வளைவே சொல்லிவிடும். மோதினாலும் 30-ல் மோதும் காரின் ஆற்றல் 60-ல் மோதுவதில் கால் பங்கு.

ஆனால் நெடுஞ்சாலையில் 130-ல் ஒரு மணி நேரம் வந்தவருக்கு 60 என்பது ஊர்வது போலத் தெரியும். மூளை அந்த வேகத்துக்குப் பழகிவிடுகிறது. உணர்வை நம்பாமல் வேகமானியைப் பார்த்தே பிரேக் போடுங்கள்.

இனி, லண்டன் காருக்கென்று இருக்கும் தனிச் சிக்கல். ஸ்டீயரிங் வலது பக்கம், வண்டிகள் வருவதோ இடது பக்கம். அதாவது ஆபத்து வரும் திசைக்கும் நமக்கும் நடுவில் பக்கத்து சீட்டுக்காரரின் தலை இருக்கிறது, முன்கண்ணாடியின் ஓரத்துத் தூண் இருக்கிறது. அந்தத் தூண் ஒரு மோட்டார் சைக்கிளை முழுதாக மறைக்கும். அதோடு இன்னொன்று: நம்மோடு மோதும் பாதையில் வரும் வண்டி, நம் கண்ணுக்கு ஒரே கோணத்தில்தான் தெரிந்துகொண்டிருக்கும், பெரிதாகிக்கொண்டு மட்டும் வரும். தூணுக்குப் பின்னால் மறைந்தது மறைந்தபடியே கடைசி நொடி வரை வரலாம். உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால்தான் அது வெளிப்படும்.

வேகமாகத் தலையைத் திருப்பும்போது கண் தாவித் தாவிப் போகிறது. தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை அணைத்துவிடுகிறது, இல்லாவிட்டால் எல்லாம் கலங்கித் தெரியும். எனவே ஒரு சொடுக்கில் பார்த்த பார்வையில் சாலையின் சில துண்டுகள் விடுபட்டுப் போகும். மூளை அந்த ஓட்டையைத் தானே நிரப்பி, சாலை காலி என்று சொல்லிவிடும். "பார்த்தேன், ஆனால் அவர் தெரியவில்லை" என்று விபத்துக்குப் பிறகு சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. இரண்டு தடவை பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் கண்ணை நிறுத்திப் பாருங்கள்.

பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்கலாம். ஆனால் "போகலாமா?" என்று கேட்காதீர்கள். "போகலாம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நிலைமை மாறிவிடும். "வண்டி வருது" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் காரில் இப்போது அதுதான் வழக்கம். பழகிய ஊரில் நாலைந்து நொடி இடைவெளி கிடைத்தால் நுழைந்துவிடுகிறோம், அங்கே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும். கிளம்பும் முன் நேரே முன்னாலும் ஒரு பார்வை வேண்டும். இடது பக்கமே பார்த்துக்கொண்டு காரை நகர்த்தி, கிளம்பி நின்றுவிட்ட முன்காரின் பின்னால் போய் இடிப்பது ரவுண்டானாவில் அடிக்கடி நடப்பது.

உள்ளே வந்த பிறகு வேலை சுலபம். முதல் வழி வலது பக்கம் இருக்கும், அதிலிருந்து எண்ணுங்கள். ஊர்ப் பெயர் பிடிபடாவிட்டால் "தூத் திரெக்சியோன்" என்று எழுதிய பலகை இருக்கிறதா பாருங்கள், எல்லா ஊர்களுக்கும் அந்த வழிதான் என்று பொருள். வழி தவறிவிட்டால் இன்னொரு சுற்று வாருங்கள், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. திடீரென்று குறுக்கே வெட்டி வெளியேறுவதுதான் ஆபத்து. நீளமான லாரியின் பக்கத்தில் மட்டும் ஒட்டிப் போக வேண்டாம், அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்வாங்கித் திரும்பும்.

இண்டிகேட்டர் விஷயத்தில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. வெளியேறும்போது போடுவது எங்கும் பொது. பிரிட்டனிலோ எதிர்ப்பக்கத்தையும் தாண்டிச் சுற்றப் போகிறவர் நுழையும்போதே வலது இண்டிகேட்டர் போடுகிறார். ஜெர்மனியில் ரவுண்டானா பலகை உள்ள இடத்தில் நுழையும்போது போடவே கூடாது. எனவே பிற வண்டிகளின் இண்டிகேட்டரை மட்டும் நம்பி நுழையாதீர்கள், முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். நெதர்லாந்து வரை போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அங்கே நகரங்களுக்குள் ரவுண்டானாவைச் சுற்றி வரும் சைக்கிள்காரருக்குப் பெரும்பாலும் முதல் உரிமை, வெளியேறும்போதும் அவருக்காக நிற்க வேண்டும்.

ஒரு வாரம் பாரிஸில் ஓட்டிவிட்டுத் திரும்பினால் மறுபடி அதே தொல்லை, எதிர்த் திசையில். ஃபோக்ஸ்டனிலும் ரயில் நம்மை நேராக நெடுஞ்சாலையில்தான் இறக்கிவிடும். வீட்டுக்குப் பக்கத்தில், தெரிந்த ரவுண்டானாவில், நம் தலை இடது பக்கம் திரும்பப் பார்க்கும். அதனால் நான் இப்போது எந்த நாட்டிலும் அந்த அம்புப் பலகையைத்தான் முதலில் தேடுகிறேன். அம்புகள் எந்தத் திசையில் சுற்றுகின்றன என்று பார்த்து, அவை என்னை நோக்கி வரும் பக்கமாகத் தலையைத் திருப்புகிறேன்.