தேர்வு நெருங்கும்போது ஏன் தசை பிடிக்கிறது?

பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களுக்கு இயன்முறை மருத்துவம் பார்க்கும் யாரும் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கவனித்துவிடுவார்கள். போட்டிக் காலத்தில் காயங்கள் வருவது எதிர்பார்த்ததுதான். ஆனால் போட்டியே இல்லாத, தேர்வு நெருங்குகிற வாரங்களிலும் சிகிச்சை அறை நிரம்பிவிடுகிறது. பின்தொடைத் தசைப் பிடிப்பு, கெண்டைக்கால் வலி, போகாத முதுகுவலி, வாரக்கணக்கில் நீடிக்கும் சளி. எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "புதுசா எதுவும் செய்யலையே மேடம்."

அவர்கள் பொய் சொல்லவில்லை. மைதானத்தில் புதிதாக எதுவும் செய்திருக்க மாட்டார்கள். மாறியதெல்லாம் மைதானத்துக்கு வெளியே. நள்ளிரவு தாண்டியும் படிப்பு, விடிவதற்கு முன் பயிற்சி, நடுவில் முடிக்காத ரெக்கார்டு நோட்டு, அரியர் விழுந்துவிடுமோ என்ற பயம். இது படிப்பால் வந்த களைப்பு, இது ஓட்டத்தால் வந்த களைப்பு என்று உடம்பு தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. கடும் பயிற்சியிலும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது, தேர்வு பயத்திலும் அதே கார்டிசால்தான் சுரக்கிறது. இரண்டிலிருந்தும் மீள்வதற்கு உடம்புக்குக் கிடைப்பதும் ஒரே இரவுதான்.

இதை ஆய்வும் சொல்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கால்பந்து அணியில் 101 வீரர்களை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2016இல் வெளியானது. (இது அமெரிக்கப் பாணிக் கால்பந்து, மோதல் அதிகமுள்ள ஆட்டம்.) தொடர்ந்து களம் இறங்கும் வீரர்களுக்குத் தேர்வு வாரங்களில் காயம் ஏற்படும் வாய்ப்பு, படிப்புச் சுமை குறைந்த வாரங்களைவிடச் சுமார் மூன்று மடங்காக இருந்தது. பருவத்துக்கு முந்தைய கடும் பயிற்சி முகாமுக்குக் கொஞ்சமும் குறையாத அளவு அது. அதாவது, புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் வாரம் உடம்புக்கு ஓய்வு வாரம் கிடையாது.

"படிப்பா, விளையாட்டா?" என்ற கேள்வியோடு மாணவர்களும் பெற்றோரும் வருகிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக எழவே தேவையில்லை. ஒரு செமஸ்டரில் பெரும்பாலான வாரங்களை இரண்டையும் வைத்துக்கொண்டே ஓட்டிவிடலாம். இரண்டும் நேருக்கு நேர் முட்டுவது நான்கைந்து வாரங்களில்தான். அந்த வாரங்களை முன்கூட்டிப் பார்க்காமல் விட்டுவிடுவதால், முட்டும்போது கைக்கு எட்டுகிற ஒன்றை வெட்டுகிறார்கள். அது எப்போதும் தூக்கமாகவே இருக்கிறது.

நீளம் தாண்டும் மாணவர் ஒருவர், அதே பருவத்தில் இரண்டாவது முறையாகப் பின்தொடைப் பிடிப்போடு வந்தார். ஒரு தாளைக் கொடுத்து, வழக்கமான ஒரு நாளை மணி வாரியாக எழுதச் சொன்னேன். வகுப்பு 6, பயிற்சி 2, படிப்பு 3, தூக்கம் 8 என்று வேகமாக எழுதிக் கொடுத்தார். கூட்டினால் 19 மணி நேரம். "மீதி 5 மணி நேரம் எங்க போச்சு தம்பி?" என்றேன். அவருக்கே தெரியவில்லை. பிறகு சேர்ந்து எண்ணிப் பார்த்தோம். மைதானத்துக்குப் போய்வருவது, கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, வார்ம் அப், கோச்சின் பேச்சு, முடிந்தபின் ஐஸ், குளியல். 2 மணி நேரப் பயிற்சி என்று அவர் எழுதியது உண்மையில் மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் கைப்பேசியை எடுத்து, முந்தைய இரவு கடைசியாக எத்தனை மணிக்குச் செய்தி அனுப்பினார் என்று பார்க்கச் சொன்னேன். 12:40. காலை அலாரம் 5:00. "தினமும் இப்படி இல்ல மேடம்" என்றபடி அதற்கு முந்தைய நாளைப் பார்த்தார். 12:55. அதற்கும் முந்தைய நாள் 1:10. கைப்பேசியைத் திரை கீழே இருக்கும்படி மேசையில் வைத்துவிட்டார்.

அந்தத் தொடைக்கு நான் கொடுக்க வேண்டிய உடற்பயிற்சிகளைக் கொடுத்தேன். ஆனால் அவருக்கு உண்மையில் உதவியது அந்தத் தாள்தான்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். தூக்கத்துக்கு 60, வகுப்புக்கும் பிராக்டிகலுக்கும் 25, சொந்தப் படிப்புக்கு 25, போக்குவரத்து எல்லாம் சேர்த்துப் பயிற்சிக்கு 28, சாப்பாடு, குளியல், துணி துவைப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கு 20 என்று வையுங்கள். 158 ஆகிறது. 10 மணி நேரம் மிச்சம். கணக்கு நிற்கிறது, ஆனால் மிச்சம் மிகக் குறைவு. வெளியூர்ப் போட்டி ஒன்று வந்தால் இரண்டு முழு நாட்கள் போய்விடும். அதே வாரத்தில் ஒரு இன்டர்னல் தேர்வும் இருந்தால் இடிக்கத்தான் செய்யும். மாணவரின் ஒழுக்கத்திலோ ஆர்வத்திலோ குறை என்று இதைப் பேசுவது அநியாயம்.

விதிமுறைகளுக்குள்ளேயே இந்த மறைந்த நேரம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., 1991 முதல் போட்டிப் பருவத்தில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. நல்ல விதி. ஆனால் பயண நேரமும் சிகிச்சை நேரமும் அந்த 20இல் சேராது. ஒரு போட்டி எவ்வளவு நேரம் இழுத்தாலும் 3 மணி நேரமாகவே கணக்கில் வரும். அங்கு மாணவர்களிடமே கேட்டபோது, முதல்நிலைப் பிரிவில் (போட்டி கடுமையான மேல்மட்டப் பிரிவு) வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துபூர்வமான வரம்பு இருக்கிற இடத்திலேயே நிலைமை இதுதான். வரம்பே இல்லாத இடங்களில் மாணவர்கள் தாங்களே எண்ணிக்கொண்டால்தான் உண்டு.

தூக்கத்தை வெட்டினால் இழப்பு இரண்டு பக்கமும்தான். பகலில் படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில். தசை நார்கள் பழுது பார்க்கப்படுவதும் பெருமளவு அப்போதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை, இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கும்படி ஐந்து முதல் ஏழு வாரம் பழக்கிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்குள் எறியும் வாய்ப்பு) எறிவதில் துல்லியம் 9 சதவீதம் உயர்ந்தது. 282 அடி ஓட்டம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடிக்கு இறங்கியது. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆனாலும் கூடுதல் பயிற்சி எதுவும் தராமல் வந்த முன்னேற்றம் என்பதால் மாணவர்களிடம் இதை அடிக்கடி சொல்கிறேன். எல்லோராலும் 10 மணி நேரம் முடியாது. 8 மணி நேரத்தைக் காப்பாற்றினாலே நிறைய மாறும்.

தேர்வு வாரத்தில் பயிற்சியைக் குறைக்கச் சொன்னால் மாணவர்கள் பதறுகிறார்கள். "ஃபார்ம் போயிடும் மேடம்." இந்தப் பயத்துக்கு உடலியல் சொல்லும் பதில் தெளிவானது. பயிற்சியின் மொத்த அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தாலும், வேகத்தையும் தீவிரத்தையும் குறைக்காமல் வைத்திருந்தால், இரண்டு வாரத்தில் திறன் சரிவதில்லை. பெரிய போட்டிகளுக்கு முன் பயிற்சியாளர்கள் இதைத்தான் வேண்டுமென்றே செய்கிறார்கள், வீரர் புத்துணர்ச்சியோடு களம் இறங்கட்டும் என்று. பெற்ற தசை வலுவைத் தக்கவைக்க வாரத்துக்கு ஒன்றிரண்டு நல்ல பயிற்சிகளே போதும். ஆறு நாள் ஓடுகிறவர் தேர்வு வாரத்தில் மூன்று நாள், குறுகிய நேரம், முழு வேகத்தில் ஓடட்டும். மற்ற நாட்களில் அரை மணி நேர நடை போதும். தவறு எங்கே நடக்கிறது என்றால், தேர்வு முடிந்த மறுநாளே விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று பழைய அளவுக்கு ஒரேயடியாகத் தாவுவதில். தேர்வுக்குப் பிந்தைய வாரக் காயங்களில் கணிசமானவை இப்படி வருபவை. ஏறுவதற்கும் ஒரு வாரம், பத்து நாள் கொடுங்கள்.

இதையெல்லாம் கோச்சிடம் யார் சொல்வது? மாணவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் செமஸ்டர் தொடங்கும்போதே. தேர்வு அட்டவணையையும் போட்டி அட்டவணையையும் ஒரே தாளில் போட்டு, இடிக்கும் வாரங்களை வட்டமிட்டு, கோச்சிடம் ஒரு பிரதி, துறைப் பேராசிரியரிடம் ஒரு பிரதி. மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டால் மாற்றுத் தேர்வுத் தேதிக்கு ஒப்புக்கொள்ளும் பேராசிரியர், முந்தின நாள் போய் நின்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். அது நியாயமும்கூட. கேட்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி அனுமதி அட்டெண்டன்ஸ் கணக்கெடுக்கும்போது யாருக்கும் நினைவிருக்காது.

இந்த ஏற்பாட்டை மாணவரின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் விளையாட்டையும் கல்வியையும் சேர்த்து நடத்தும் வீரர்களுக்கென்று வழிகாட்டு நெறிகளையே வகுத்தது. நெகிழ்வான தேர்வுத் தேதி, படிப்பை நீட்டிக்கொள்ளும் வசதி போன்றவை சலுகை என்ற பெயரில் தனித்தனி ஆசிரியரின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது, நிறுவனத்தின் விதியாகவே இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் கவலையோடு சொல்கிறேன். காலைப் பயிற்சி முடிந்து நேரே வகுப்புக்கு ஓடும் மாணவர் சாப்பிடுவதே மதியம்தான். இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் செலவழிக்கும் ஆற்றலுக்குச் சாப்பாடு ஈடுகொடுக்காது. எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாவற்றையும் பாதிக்கும் இந்த நிலைக்கு சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரே வைத்தது. பெண்களுக்கு முதல் அறிகுறி பெரும்பாலும் மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது. கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று மூத்த வீராங்கனைகளே சொல்லிக்கொடுக்கிறார்கள். அது சரியில்லை. அதற்குப் பின்னால் வருவது எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறுவதால் விழும் விரிசல்.

காயம்பட்ட மாணவருக்கு இன்னொரு விஷயம். முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால், களத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம். அதற்கு முன் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயப்படும் ஆபத்து தெளிவாகவே அதிகம். 9 மாதம் என்றால் ஏறக்குறைய இரண்டு செமஸ்டர். கடினமான பாடங்களை அந்தக் காலத்தில் எடுத்து முடிக்கச் சொல்வேன். மருத்துவ விடுப்பு என்று படிப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டு அறையில் முடங்கியவர்களைவிட, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் சிகிச்சையிலும் ஒழுங்காக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தால் வரிசை வேறு. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் படிப்பு. தலைவலி இல்லாமல் முழு வகுப்பும் உட்கார முடிந்த பிறகுதான் முழு ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து, வகுப்பில் கவனிக்க முடியாமல் திணறிக்கொண்டே மாலையில் ஆடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கனவைக் குறைத்துக்கொள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி, 4 நிமிடத் தடையை முதலில் உடைத்த ரோஜர் பேனிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். அன்று காலையிலும் லண்டனில் மருத்துவமனைக்குப் போய்விட்டுத்தான் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயில் ஏறினார். பின்னாளில் நரம்பியல் மருத்துவரானார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தங்கம் வென்ற கேபி தாமஸ், ஹார்வர்டில் நரம்பு உயிரியல் படித்தவர், பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றவர். முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி. அதே நேரத்தில், என்.சி.ஏ.ஏ.வின் கணக்குப்படி அங்கு ஆடும் மாணவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிறவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்தே மாணவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவதை மட்டும் கேட்டவர், ஒரு காயம் வந்து ஆட்டம் நின்றதும் "இப்ப நான் யாரு?" என்று நிற்கிறார். அந்தக் கேள்வியோடு வருபவருக்கு என் மேசையில் மருந்து இல்லை. மனநல ஆலோசகரிடம்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது, அனுப்புகிறேன்.

நான்கு ஆண்டுப் படிப்பை ஐந்து ஆண்டில் முடிப்பது, தேசிய அணித் தேர்வுக்காக ஒரு செமஸ்டர் பாடங்களைக் குறைத்துக்கொள்வது, இறுதியாண்டில் ஒரு பருவம் போட்டியிலிருந்து ஒதுங்கியிருப்பது எல்லாமே மரியாதையான முடிவுகள்தான். வீட்டில் முன்கூட்டியே பேசி எடுத்தால் போதும்.

கடைசியாக, எப்போது எங்களிடம் வர வேண்டும் என்பது. இரண்டு வாரமாக ஆறு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியே இருப்பது, வழக்கமான ஓட்டமே பாரமாகத் தெரிவது, மாதவிடாய் தவறுவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடிப்பு. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே வந்துவிடுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரும்போது பயிற்சிக் குறிப்பேட்டோடு தேர்வு அட்டவணையையும் எடுத்து வாருங்கள். இரண்டையும் பார்த்துத்தான் சிகிச்சையைத் திட்டமிட முடியும்.