அமிலமும் திடக்கழிவுதான்

பீப்பாயில் தளும்பிக்கொண்டிருக்கும் பழைய அமிலம் திடக்கழிவா? அமெரிக்கச் சட்டப்படி ஆம். 1976-இல் அங்கு இயற்றப்பட்ட வளப் பாதுகாப்பு, மீட்புச் சட்டத்தில் ‘திடக்கழிவு’ என்ற சொல்லுக்குள் திரவம், சேறு, உருளையில் அடைத்த வாயு எல்லாமே வருகின்றன. பொருள் கெட்டியாக இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. கைவிடப்பட்டதா என்றுதான் பார்க்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. காற்றுக்கு 1970-லும் ஆறுகளுக்கு 1972-லும் கடுமையான சட்டங்கள் வந்துவிட்டன. புகைபோக்கியில் பிடித்த தூசும், கழிவுநீரில் வடிகட்டிய சேறும் அப்புறம் எங்கே போகும்? மண்ணுக்குத்தான். அந்த ஓட்டையை அடைக்க வந்த சட்டம் இது.

ஆனால் ‘கைவிடப்பட்டது’ என்பதே வழக்காகிவிட்டது. தயாரிப்பில் மிஞ்சுவதை அதே ஆலையில் உடனே மறுபடி பயன்படுத்தினால் அது கழிவாகாது என்று 1987-இல் ஒரு நீதிமன்றம் சொன்னது. ஆக, ஒரு பொருளை வைத்திருப்பவர் அதை என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அது கழிவாகிறது.

சரி, கழிவுதான் என்று முடிவாகிவிட்டது. அது அபாயகரமானதா? சில கழிவுகளைப் பெயர் சொல்லியே பட்டியலில் போட்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாதவற்றுக்கு எளிதில் தீப்பற்றுவது, அரிப்பது, வெடிப்பதுபோல் வினைபுரிவது, நச்சுத்தன்மை என்று நான்கு குணங்களைப் பார்க்க வேண்டும்.

நச்சுத்தன்மைக்கான சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. குப்பைக் கிடங்கில் நடப்பதை அப்படியே ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் முயற்சி அது. உணவு மிச்சங்கள் மட்கும்போது அமிலம் ஊறும், அதில் உலோகங்கள் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும். அதனால் கழிவின் மாதிரியை எடுத்து, அதைப்போல் 20 மடங்கு எடையுள்ள நீர்த்த அசிட்டிக் அமிலக் கரைசலில், அதாவது வினிகரில் புளிப்பைத் தரும் அதே அமிலத்தில் போட்டு, சுமார் 18 மணி நேரம் குடுவையைச் சுழற்றுகிறார்கள். வடிகட்டிய நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தால் அது அபாயக் கழிவு. கழிவுக்குள் மொத்தம் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதல்ல கேள்வி, எவ்வளவு கரைந்து வெளியேறும் என்பதுதான்.

அந்த 5 எங்கிருந்து வந்தது? குடிநீரில் ஈயத்துக்கு அப்போது இருந்த வரம்பு 0.05 மில்லிகிராம். கிணற்றை எட்டுவதற்குள் 100 மடங்கு நீர்த்துவிடும் என்று கணக்கிட்டு 100-ஆல் பெருக்கினார்கள். 1991-இல் குடிநீருக்கான அளவை 0.015 ஆக இறக்கியபோதும் கழிவுக்கான 5 அப்படியே நின்றுவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுக் குப்பைக்கு இந்தச் சோதனையே கிடையாது. ஆலையிலிருந்து வந்தால் அபாயக் கழிவாகும் தின்னர் டப்பா, வீட்டிலிருந்து வந்தால் சாதாரணக் குப்பை. வீடு வீடாக ஏறிச் சோதிப்பது நடக்கிற காரியமில்லை என்பதால் அதைக்கூட ஒப்புக்கொள்ளலாம். சிகாகோ மாநகராட்சியோ இந்த விலக்கை இன்னும் நீட்டப் பார்த்தது. அதன் எரியூட்டு ஆலை ஆண்டுக்குச் சுமார் 3,50,000 டன் குப்பையை எரித்து, லட்சம் டன்னுக்கு மேல் சாம்பலைத் தள்ளியது. எரிந்தால் ஈயம் அழியாது, சாம்பலில்தான் சேரும். வீட்டுக் குப்பையிலிருந்து வந்த சாம்பல்தானே என்று அதைச் சாதாரணக் கிடங்குகளில் கொட்டினார்கள். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: விலக்கு குப்பைக்குத்தான், சாம்பலுக்கு இல்லை. அதன்பின் எரியூட்டு ஆலைகளின் சாம்பலும் அந்தக் குடுவைக்குள் போக வேண்டியதாயிற்று.