எக்ஸ்ஃபெயில்: சொல் விளக்கம்

லினக்ஸை மூலநிரலிலிருந்து தாங்களே கட்டுபவர்கள், நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் கட்டி முடிந்ததும், அதன் சோதனைகளை ஓட்டும் 'மேக் -கே செக்' கட்டளையைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கடைசியில் வரும் சுருக்கத்தில் 'எக்ஸ்பெக்டட் ஃபெயிலியர்ஸ்' என்று ஒரு வரி, பக்கத்தில் நூற்றுக்கணக்கில் ஓர் எண். அதைப் பார்த்துப் பயந்து, கட்டியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வரிதான் எக்ஸ்ஃபெயில், அதாவது தேறாது என்று முன்பே தெரிந்த சோதனைகளின் கணக்கு, நீங்கள் எதையும் தப்பாகக் கட்டியதால் வந்ததில்லை அது.

கம்பைலரில் ஒரு பிழை இருப்பது அதை எழுதுபவர்களுக்கே தெரியும், ஆனால் இன்னும் சரிசெய்யவில்லை. அந்தப் பிழையைத் தொடும் சோதனைக்கோப்பைத் திறந்து பார்த்தால், அது சாதாரண சி நிரல்தான், நடுவே ஒரு குறிப்புரையில் எக்ஸ்ஃபெயில் என்று போட்டு, அதன் பின்னால் இடையில் கோடிட்ட மூன்று நட்சத்திரக் குறிகள் இருக்கும். எந்தக் கணினியிலும் இது தேறாது என்று அர்த்தம். நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு செயலியின் (ப்ராசஸரின்) பெயர் இருந்தால் அந்த வகைக் கணினிக்கு மட்டும்தான் அந்தக் குறி. சொன்னபடியே தேறாமல் போனால் அது ஃபெயில் கணக்கில் சேராது, எக்ஸ்ஃபெயில் கணக்கில் போய்விடும்.

ஜிசிசி சோதனைகளை ஓட்டுவது டெஜாக்னு என்ற மென்பொருள். ராப் சவோய் எழுதியது. முடிவுகளுக்கான பெயர்களை அது, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரங்களில் சோதனை பற்றிய 1003.3 தரத்திலிருந்து எடுத்துக்கொண்டது: பாஸ், ஃபெயில், அன்ரிசால்வ்ட், அன்டெஸ்டட், அன்சப்போர்ட்டட். 'தேறாது என்று முன்பே தெரியும்' என்ற கருத்தே அந்தத் தரத்தில் கிடையாது, அது டெஜாக்னு சேர்த்தது. அப்புறம் இந்த எக்ஸ் எழுத்து பலரையும் குழப்பும். எக்ஸ்ஃபெயில் என்றால் எதிர்பார்த்தபடி தேறவில்லை, எக்ஸ்பாஸ் என்றாலோ எதிர்பார்ப்புக்கு மாறாகத் தேறிவிட்டது. ஒரே எழுத்து, நேரெதிர் பொருள்! எக்ஸ் என்றால் 'குறி போட்ட சோதனை' என்று மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டும் சரியாகப் பொருந்தும். பைத்தான் நிரல்களைச் சோதிக்கும் பைடெஸ்ட், இன்னொரு கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் எல்லாவற்றிலும் இதே சொற்கள்தான் புழங்குகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எதிர்பார்த்த தோல்வி' என்பது கைக்கு முதலில் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'எதிர்பார்த்த', 'எதிர்பாராத' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், வேறுபாடு நடுவில் ஒளிந்திருக்கிறது, களைத்த கண் நிச்சயம் மாற்றிப் படிக்கும், ஆனால் இந்த அறிக்கையில் எல்லாமே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தோல்விக்கு எதிராளி ஒருவர் வேண்டும், இங்கே அப்படி யாரும் இல்லை. தேர்வில் தேறினான், தவறினான் என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோமே, அதுவே போதும். ஃபெயில் என்றால் தவறல், எக்ஸ்ஃபெயில் என்றால் தெரிந்த தவறல். எக்ஸ்பாஸை எதிர்பாராத தேர்ச்சி எனலாம்.

கவனம் வைக்க வேண்டியது எக்ஸ் இல்லாத ஃபெயில் வரிகளில்தான். 'எக்ஸஸ் எரர்ஸ்' என்று முடிந்தால், சோதனை எதிர்பார்க்காத ஒரு செய்தியைக் கம்பைலர் கூடுதலாகக் கக்கியிருக்கிறது. 'டைம்ட் அவுட்' என்றிருந்தால் பெரும்பாலும் கணினி மெதுவானது, ஒரு சோதனைக்கு வழக்கமாக 300 விநாடிதான் அவகாசம். ஒன்றிரண்டு தவறல்கள் எப்போதும் இருக்கும், அதே பதிப்பைக் கட்டிய மற்றவர்களின் முடிவோடு ஒப்பிட்டால் போதும். ஆயிரக்கணக்கில் வந்தால் மட்டும் நிறுவாதீர்கள், சுருக்கம் மட்டும் உள்ள .சம் கோப்பை விட்டு, முழு விவரமும் உள்ள .லாக் கோப்பைத் திறந்து முதலில் தவறிய சோதனைக்கு என்ன செய்தி வந்தது என்று படியுங்கள்.