கண்ணை மூடச் சொல்வதற்கு முன்

ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், யார் பதற்றத்தோடு வந்தாலும் என்னிடம் ஒரே மருந்துதான்: "கண்ணை மூடி மூச்சை நல்லா இழுத்து விடுங்க." விபத்தில் தப்பிய லாரி ஓட்டுநர் ஒருவரிடமும் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) அதையேதான் சொன்னேன். அரை நிமிஷத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஸ்டீயரிங்கைப் பிடித்ததுபோல் இரண்டு கையும் இறுகின. எழுந்து போய்விட்டார்.

அவர் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் நான் ஒரு பயிற்சியில் சேர்ந்திருந்தேன். அமெரிக்காவின் பீட்டர் லெவின் 1970களில் உருவாக்கத் தொடங்கிய 'சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' முறை அது; அதிர்ச்சிக்கு ஆளானவரின் உடம்பு உணர்வுகளைக் கவனித்துச் செய்யும் சிகிச்சை. நோட்டும் பேனாவுமாகப் போனவனை, பாதம் தரையில் எப்படி இருக்கிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். என் தோள் காதுவரை ஏறியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகும். இரண்டுக்கும் வழியில்லையென்றால் விறைத்துப்போகும். ஆபத்து விலகி மாதங்கள் ஆன பிறகும் சிலருக்கு அந்த எச்சரிக்கை மணி அடங்குவதில்லை. அப்படிப்பட்டவர் கண்ணை மூடினால் பாதுகாப்பான அறை மறைந்து, விபத்து மட்டும் மிஞ்சலாம். அதனால் இந்த முறையில் கதை முழுவதையும் ஒரே மூச்சில் கேட்பதில்லை. துளித்துளியாகத் தொட்டுவிட்டு, உடம்பில் பதறாத இடத்துக்குத் திரும்புகிறோம்.

'ஈரக்குலை நடுங்கிடுச்சு', 'வயித்தைக் கலக்குது', 'கையும் ஓடலை காலும் ஓடலை' என்று நம்மூரில் எல்லாரும் சொல்வதுதான். நான்தான் அதைத் தாண்டிப்போய் "மனசுல என்ன தோணுச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த ஓட்டுநரிடம் இந்தத் தடவை கண்ணைத் திறந்தபடியே அறையைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். "ஃபேன்ல ஒரு இறக்கை வளைஞ்சிருக்கு சார்" என்றார். அவர் தோள் சற்று இறங்கியது. விபத்தைப் பற்றி நான்கு சந்திப்புகள்வரை நான் கேட்கவே இல்லை.

இதைச் சர்வரோக நிவாரணி என்று சொல்லமாட்டேன். 2017இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்று பலன் இருப்பதாகக் காட்டியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 63 பேர்தான். உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவற்றில் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை-நடத்தை சிகிச்சையும், கண் அசைவுகளின் உதவியோடு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் இஎம்டிஆர் சிகிச்சையும் இருக்கின்றன. வார இறுதி வகுப்புச் சான்றிதழோடு "உடம்பில் தேங்கிய வலியை ஒரே நாளில் எடுத்துவிடுவேன்" என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படுங்கள். கேட்காமல் தொட்டால் எழுந்து வந்துவிடுங்கள். யாரிடம் போவது என்று தெரியவில்லையா? அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.