மூணு மாத்திரை எப்படிப் போதும்?

"அண்ணா, அமாக்சிசிலின்னா தினம் மூணு வேளை, அஞ்சு நாள், ஏழு நாள்னு போடச் சொல்றாங்க, அசித்ரோமைசின் 500 மட்டும் தினம் ஒண்ணு, 3 நாளோட நிறுத்திடறாங்களே, போதுமா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. ரொம்ப நல்ல கேள்வி. ரெண்டுமே பாக்டீரியாவைத் தாக்குற ஆன்டிபயாடிக்தான்.

பாக்டீரியாவோட ரைபோசோம்தான் புரதம் தயாரிக்குதுன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, அந்தப் புரதச் சங்கிலி வெளிய வர்ற சுரங்கத்துல அசித்ரோமைசின் போய் அடைச்சு உக்காந்துக்கும், அவ்ளோதான். வைரஸுக்குச் சொந்தமா ரைபோசோமே கிடையாது, அதனால சாதாரண சளிக்கு இதைப் போடறது வீண்.

இதுக்கு முன்னோடி எரித்ரோமைசின். பிலிப்பைன்ஸ்ல இலோய்லோங்கிற ஊர் மண்ணுல இருந்த நுண்ணுயிர்ல கிடைச்சு 1952ல விற்பனைக்கு வந்துச்சு. வயித்து ஆசிட்ல உடைஞ்சிடும், தினம் 4 வேளை போடணும். 1980ல அப்போ யூகோஸ்லாவியால இருந்த ஜாக்ரெப் நகரத்துல பிளிவா கம்பெனி வேதியியல்காரங்க அதோட 14 அணு வளையத்துக்குள்ள ஒரே ஒரு நைட்ரஜனைச் செருகி 15 ஆக்கினாங்க. ஆசிட் பிரச்சனை பெருமளவு தீர்ந்துச்சு. ஆனா எனக்குப் பிடிச்ச விஷயம் அது இல்ல.

நைட்ரஜன் காரத்தன்மை உள்ளது, புரோட்டானைக் (ஆசிட்ல நிறைய இருக்கிற ஹைட்ரஜன் அயனி) கண்டா பிடிச்சுக்கும். நம்ம வெள்ளை அணுக்களுக்குள்ள லைசோசோம்னு சின்னச் சின்னப் பை இருக்கு, அதுக்குள்ள pH சுமார் 5, வெளிய 7க்கு மேல. மின்னூட்டம் இல்லாம இருக்கிற மருந்து சவ்வைத் தாண்டிச் சுலபமா உள்ள போயிடும், போனதும் அங்க இருக்கிற ஆசிட்ல புரோட்டான் ஒட்டிக்கும், மின்னூட்டம் வந்துடும், மின்னூட்டம் வந்த மூலக்கூறு கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாது, மாட்டிக்கிச்சு! எரித்ரோமைசினுக்குப் புரோட்டான் பிடிக்க ஒரு நைட்ரஜன்தான், இதுக்கு ரெண்டு. அதாவது ரெட்டைப் பூட்டு. pH 2 குறைஞ்சா ஆசிட் 100 மடங்கு, அப்போ ரெட்டைப் பூட்டுக்குக் காகிதக் கணக்குல 100 தடவை 100!

அதனாலதான் ரத்தத்துல இருக்கிறதை விடத் திசுக்கள்ல 50 மடங்கு வரைக்கும் சேருது. இன்னும் அழகு, தொற்று எங்க இருக்கோ அங்கதான் வெள்ளை அணுக்கள் ஓடும், ஓடறப்ப மருந்தையும் தூக்கிட்டுப் போய் அங்க கொஞ்சம் கொஞ்சமா விடும். உடம்புல பாதி குறையவே சுமார் 68 மணி நேரம் ஆகும், அதனால 3 நாள்ல மாத்திரை முடிஞ்சாலும் மருந்து முடியலை.

மருந்து அட்டையோட வர்ற தாள்ல இதெல்லாம் இருக்கு, ஆனா எறும்பு சைஸ் எழுத்துல, இங்கிலீஷ்ல. தமிழ்ல கொடுக்கணும்ங்கிறது என் உறுதியான கருத்து, ஏன்னா அலுமினியம், மெக்னீசியம் இருக்கிற ஆன்டாசிட்டைக் கூடவே குடிக்கக் கூடாது, முன்னாடி இதே மருந்தால மஞ்சள் காமாலை வந்தவங்க தொடக் கூடாது, இசிஜில க்யூடி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தோட மின்சாரம் ஓடி அடங்க ஆகிற நேரம்) நீளமா இருக்கிறவங்க டாக்டர்கிட்ட அவசியம் சொல்லணும்னு அதுல இருக்கிறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதயத் துடிப்பு பத்தி அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013லயே எச்சரிச்சது.

மெதுவா வெளியேறதுல ஒரு ஆபத்தும் இருக்கு. கடைசிக் கட்டத்துல மருந்து கொஞ்சூண்டுதான் இருக்கும், பாக்டீரியாவைக் கொல்லப் போதாது, ஆனா தாக்குப்பிடிக்கிற வகையைப் பொறுக்கி வளர்க்கப் போதும். அந்த வகைல சிலது தன் ரைபோசோம்ல மருந்து உக்கார்ற அதே இடத்துல ஒரு மீத்தைல் தொகுதியை (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன் சேர்ந்த சின்னத் துணுக்கு) ஒட்டி வெச்சுக்கும். அப்புறம் வெள்ளை அணு எவ்ளோ மருந்தைச் சுமந்துட்டு வந்தாலும் அதுக்கு உக்கார இடம் கிடைக்காது.