முதல் ட்ரக் கம்பனி: மைலுக்கு எத்தனை சதம் என்பது கடைசிக் கேள்வி

ஏ-இசட் (டிரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக்கை ஓட்டுவதற்கான) லைசென்ஸ் எடுத்த கையோடு என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்கள் பலர். பெரும்பாலும் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்துத் தம்பிமார். இப்போது தங்கைமாரும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. கேள்வி மட்டும் மாறுவதில்லை. "அண்ணா, இந்தக் கம்பனி மைலுக்கு 62 சதம் தருகிறதாம். சேரலாமா?"

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு நடுத்தர ட்ரக் கம்பனியின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சாரதிகளின் விண்ணப்பங்களைப் படிப்பது, பழைய பதிவுகளைத் தோண்டிச் சரிபார்ப்பது, காப்புறுதிக் கம்பனியோடு மல்லுக்கட்டுவது என் அன்றாட வேலை. அந்த மேசையில் இருந்து பார்ப்பவனுக்கு 62 சதம் பெரிதாகத் தெரிவதில்லை. முதல் கம்பனியில் ஒரு புதிய சாரதி சம்பாதிக்க வேண்டியது, எழுத்தில் நிரூபிக்கக்கூடிய இரண்டு வருட அனுபவம். அதைத் தர முடியாத கம்பனி மைலுக்கு ஒரு டொலர் தந்தாலும் நட்டம் சாரதிக்குத்தான்.

காரணம் காப்புறுதி. யாருக்குச் சாவியைக் கொடுப்பது என்பதை இங்கே முதலாளி மட்டும் முடிவு செய்வதில்லை. இரண்டு மூன்று வருட அனுபவம் இல்லாத சாரதியைப் பல காப்புறுதிக் கம்பனிகள் ஏற்பதே இல்லை. ஏற்றாலும் கட்டணத்தைக் கூட்டிவிடுகின்றன. வேலை விளம்பரங்களில் திரும்பத் திரும்ப "இரண்டு வருட அனுபவம் தேவை" என்று வருவது இதனால்தான். புதியவர்களை எடுக்கும் கம்பனிகளில் இரண்டு வகை உண்டு. சொந்தமாகப் பயிற்றுநர்களை வைத்து, அந்தப் பயிற்சித் திட்டத்தைக் காப்புறுதிக் கம்பனியிடம் காட்டி ஒப்புதல் வாங்கியவர்கள் ஒரு வகை. அங்கே தொடக்கச் சம்பளம் குறைவு. ட்ரக்கை ஓட்டுபவர் யார் என்பதைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லாமலே அனுப்பிவிடுபவர்கள் மற்ற வகை. முன் அனுபவம் எதுவும் கேட்காமல் 62 சதம் தர முன்வருபவர் இந்த இரண்டாவது வகையாக இருக்கக்கூடும் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அங்கே இரண்டு வருடம் ஓடிவிட்டு நல்ல கம்பனி ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போது, என்னைப் போன்ற ஒருவர் உங்கள் பழைய கம்பனியைத் தொடர்பு கொள்வார். எப்போது சேர்ந்தார், எந்த வகை டிரெய்லர் இழுத்தார், விபத்து உண்டா என்று எழுத்தில் கேட்பார். அதற்குள் அந்தக் கம்பனி பெயரை மாற்றியிருக்கும், அல்லது மூடியிருக்கும், அல்லது "அவர் எங்கள் ஊழியரே இல்லையே" என்று பதில் வரும். சுப்பீரியர் ஏரிக்கரையோரம் 17ஆம் நெடுஞ்சாலையில் பல குளிர்காலங்கள் ஓடிய ஒருவரின் விண்ணப்பத்தை, அனுபவமற்றவர் என்று குறித்து ஒதுக்கி வைக்க வேண்டிய நிலை எனக்கு வந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை என்பது டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது. காப்புறுதிக் கம்பனிக்குக் கடதாசி வேண்டும்.

"அவர் எங்கள் ஊழியரே இல்லை" என்ற அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதைத்தான் இங்கே "டிரைவர் இங்க்" (Driver Inc., சாரதியையே ஒரு கம்பனியாகக் காட்டும் ஏற்பாடு) என்கிறோம். நேர்முகத்திலேயே சொல்லிவிடுவார்கள்: "உங்கள் பெயரில் ஒரு கம்பனி பதிவு செய்துகொண்டு வாருங்கள். வரி பிடிக்காமல் முழுக்காசும் தருகிறோம்." ட்ரக் அவர்களுடையது, லோட் அவர்களுடையது, எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்வதும் அவர்கள். உங்களிடம் இருப்பது லைசென்ஸும் ஒரு சோடிக் கையுறையும்தான். ஆனால் கடதாசியில் நீங்கள் ஒரு தொழிலதிபர்.

மாகாண எல்லையோ நாட்டு எல்லையோ தாண்டி ஓடும் கம்பனிகளுக்குக் கனடா தொழிலாளர் சட்டக்கோவை பொருந்தும். ஊழியரை ஊழியர் அல்ல என்று காட்டுவதை அந்தச் சட்டக்கோவை 2021 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. 2024 ஜூனில் வந்த திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போனது: சம்பளம் வாங்குபவர் ஊழியர் என்றே எடுத்துக்கொள்ளப்படுவார், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. இவ்வளவு இருந்தும் இந்த ஏற்பாடு ஒழியவில்லை. சம்பளப் பட்டியலில் ஆட்களைக் காட்டாத கம்பனிக்கு மிச்சப்படும் காசு அவ்வளவு.

அந்த மிச்சம் உங்கள் பக்கத்திலிருந்து போவதுதான். வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளியின் பங்கு இல்லை, 4 சதவீத விடுமுறைக் கொடுப்பனவு இல்லை, கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர்களுக்கு 2022 டிசம்பரில் கிடைத்த 10 நாள் சம்பளத்துடனான நோய் விடுப்பும் இல்லை. வேலையில் விழுந்து முதுகு பிடித்துக்கொண்டால் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. பிறகு வரி வருகிறது. ஒரே முதலாளிக்கு ஊழியர் போலவே உழைக்கும் இப்படிப்பட்ட ஒற்றை ஆள் கம்பனியை வருமானவரித் துறை "தனிநபர் சேவைத் தொழில்" என்று வகைப்படுத்துகிறது. சிறு வணிகங்களுக்கான சலுகை விகிதம் அதற்குக் கிடையாது. ஒன்ராறியோவில் அதன் மொத்த வரி 44.5 சதவீதம். செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொன்ன கணக்காளரையும் அப்போது தேட வேண்டியிருக்கும்; அந்தக் கழிவுகளில் பெரும்பாலானவையும் செல்லாது.

இதில் நம்மவர்களிடம் ஒரு பலவீனம் உண்டு. "எங்கள் ஊர்க்காரர், கோயிலில் தினமும் பார்ப்பவர், ஏமாற்ற மாட்டார்" என்ற நம்பிக்கை. தமிழர் நடத்தும் சில அருமையான ட்ரக் கம்பனிகளை எனக்குத் தெரியும். புதியவர்களைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்பவர்கள். அவர்களில் எவரும் சம்பளத் துண்டு கேட்டால் முகம் சுளிப்பதில்லை. ஊர்ப்பாசத்தைக் காட்டிக் கடதாசியைத் தவிர்ப்பவரிடம்தான் கவனம் வேண்டும்.

கம்பனியைப் பற்றி அறிய யாருடைய சாட்சியமும் தேவையில்லை. ஒன்ராறியோவில் கனரக வாகனம் இயக்கும் ஒவ்வொரு கம்பனிக்கும் "சி.வி.ஓ.ஆர்." என்ற வணிக வாகன இயக்குநர் பதிவு உண்டு. அதன் பொதுச் சுருக்கத்தைச் சிறு கட்டணம் கட்டி எவரும் இணையத்தில் பெறலாம். அந்தச் சுருக்கத்தில் கம்பனியின் பாதுகாப்புத் தரமதிப்பீடு இருக்கும். "நிபந்தனைக்குட்பட்டது" என்று இருந்தால் மாகாணப் போக்குவரத்து அமைச்சு ஏற்கெனவே அவர்கள்மீது கண் வைத்திருக்கிறது என்று பொருள். அமெரிக்கா ஓடும் கம்பனியானால் வேலை இன்னும் சுலபம். ட்ரக்கின் கதவில் எழுதியிருக்கும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை எண்ணை "சேஃபர்" என்ற அரச இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காசே வேண்டாம். எத்தனை ட்ரக், எத்தனை சாரதி, கடந்த 24 மாதங்களில் எத்தனை விபத்து, சோதனையில் எத்தனை சதவீத வாகனங்கள் "ஓட்டத் தகுதியற்றவை" என்று நிறுத்தப்பட்டன என்பதெல்லாம் வரும். பக்கத்திலேயே தேசிய சராசரியும் இருக்கும். சராசரியைப்போல் இரண்டு மடங்கு என்றால், பிரேக்கைச் சீர்செய்யாமல் வண்டியை வெளியே விடும் முற்றத்துக்குள் நீங்கள் காலடி வைக்கப் போகிறீர்கள். பெயர் புதிது, எண் புதிது, ட்ரக் மட்டும் பழையது, பழைய பெயர் கதவில் மங்கலாகத் தெரிகிறது என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது பயிற்சி. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

2017 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் ஏ லைசென்ஸ் சோதனைக்குப் போகுமுன் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். கனடாவில் இதை முதலில் கொண்டுவந்த மாகாணம் இது. பள்ளி சொல்லித் தருவது சோதனையில் தேறுவதற்கு. பனி பெய்யும் இரவில், ஏறத்தாழ 36 தொன் எடையோடு, முன்னால் போகும் ட்ரக்கின் பின்விளக்கு மறைந்துபோகும்போது என்ன செய்வது என்பது அங்கே வராது. அதைக் கற்றுத் தர வேண்டியது முதல் கம்பனி.

2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் புரோன்கோஸ் இளையோர் ஹொக்கி அணியின் பஸ்ஸும் இரட்டை டிரெய்லர் இழுத்த ட்ரக் ஒன்றும் மோதியதில் 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். ட்ரக் சாரதி சந்தியில் இருந்த நிறுத்தக் குறியைக் கவனிக்காமல் கடந்திருந்தார். அவர் அந்தக் கம்பனியில் சேர்ந்து சில கிழமைகளே ஆகியிருந்தன. இரண்டு கிழமைப் பயிற்சிக்குப் பின் தனியாக அனுப்பப்பட்டிருந்தார். அவருக்கு எட்டு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது, பின்னர் நாடுகடத்தல் உத்தரவும் வந்தது. பாதுகாப்பு விதிமீறல்களை ஒப்புக்கொண்ட கம்பனி முதலாளி கட்டியது 5,000 டொலர் அபராதம். அந்தச் சாரதியின் தவறை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கம்பனி மிச்சம் பிடித்த பயிற்சிக்கான கணக்கு யார் தலையில் விழுந்தது என்பதைப் பாருங்கள்.

ஆகவே நேர்முகத்தில் இதைத் துருவித் துருவிக் கேளுங்கள். எத்தனை கிழமை பயிற்றுநரோடு ஓட வேண்டும்? அந்தப் பயிற்றுநருக்கு எத்தனை வருட அனுபவம்? நான் ஓட்டும்போது அவர் பக்கத்து இருக்கையில் இருப்பாரா, பின்னால் படுத்துத் தூங்குவாரா? பின்னதாக இருந்தால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. ஒரு சம்பளத்தில் இரண்டு சாரதிகளை ஓடவிடுவது. பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா, முதல் குளிர்காலத்தில் எந்தப் பாதையில் அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். நல்ல பாதுகாப்பு அலுவலர் இந்தக் கேள்விகளை விரும்புவார். கேட்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

லோட்டுகளைப் பிரித்துக் கொடுத்துச் சாரதிகளை அனுப்பும் டிஸ்பாட்சரையும் ஒருமுறை சந்தித்துவிட்டு வாருங்கள். முடியாது என்று நீங்கள் சொல்லும் நாளில் எதிரே இருக்கப்போகிறவர் அவர். கனடாவில் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வேலை நேரம் 14 மணி நேரத்துக்கு மேல் போனபின் ஓட்டக்கூடாது. எல்லை தாண்டி அமெரிக்காவில் ஓட்டக்கூடியது 11 மணி நேரம்தான். மின்னணு நேரப்பதிவுக் கருவி வந்தபின் ஏமாற்றுவது கடினமாகிவிட்டது. அப்படியும் வேறொரு சாரதியின் பெயரில் உள்நுழைந்து ஓடச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பிடிபட்டால் அபராதச் சீட்டில் எழுதப்படும் பெயர் உங்களுடையது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை சட்டக்கோவையில் இருக்கிறது. 17ஆம் நெடுஞ்சாலையை மூடப் போகிறார்கள் என்று நீங்கள் வழியிலுள்ள வாவா என்ற ஊரில் ஒதுங்கி நின்ற இரவில், அடுத்த கிழமை உங்களுக்கு லோட் கொடுக்காமல் பழிவாங்குவார்களா என்பதைச் சட்டக்கோவை சொல்லாது. அங்கே ஏற்கெனவே ஓடுபவர்கள் சொல்வார்கள். எரிபொருள் நிரப்பும் இடத்தில் அந்தக் கம்பனிச் சாரதி ஒருவரோடு ஒரு கோப்பி குடியுங்கள்.

சதக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைலுக்கு 62 சதம், கிழமைக்கு 2,000 மைல் என்றால் 1,240 டொலர். 54 சதம், 2,600 மைல் என்றால் 1,404. மைல்களை யார் தருகிறார்கள் என்பதே கேள்வி. அந்த மைலும் ஓடோமீட்டர் காட்டும் மைலாக இருக்காது. கம்பனியின் மென்பொருள் சொல்லும் மைல் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. களஞ்சியத்தில் காத்திருக்கும் நேரத்துக்கும், எல்லையில் நிற்கும் நேரத்துக்கும், வழியில் ட்ரக் பழுதாகி விடுதியில் தங்கும் நாளுக்கும் என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டிரெய்லரில் ஒரு கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு ஆட்களும் கையாளும் பொருளுக்கு ஏற்பட்ட சேதத்தை ஊழியரின் சம்பளத்தில் கழிக்கச் சட்டக்கோவை இடம் தருவதில்லை.

அமெரிக்கா ஓடப் போகிறவர்களுக்கு ஒன்று. கஞ்சா கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டபூர்வமானது. அமெரிக்க விதிகளின் கீழ் ட்ரக் ஓட்டுபவருக்கு அது இன்னமும் தடை. வேலைக்கு முந்தைய சோதனையில் அகப்பட்டால் போதைப்பொருள் சோதனையில் அகப்பட்ட சாரதிகளைப் பதியும் அமெரிக்க மத்தியத் தரவகத்தில் பெயர் ஏறிவிடும். குறைந்தது ஐந்து வருடம் அங்கே இருக்கும். இந்தச் சோதனைக்கே அனுப்பாமல் உங்களை அமெரிக்க எல்லையிலுள்ள பீஸ் பாலத்துக்கு அனுப்பும் கம்பனி, வேறு எதையெல்லாம் தவிர்க்கிறது என்று யோசியுங்கள்.

சேர்ந்தபின் ஒவ்வொரு சம்பளத் துண்டையும், ஒவ்வொரு வருடமும் முதலாளி தரும் டி-4 என்ற சம்பள, வரிப் படிவத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு வருடம் முடிந்ததும், விலகும் எண்ணம் இல்லாவிட்டாலும், கம்பனியின் கடிதத் தாளில் ஓர் அனுபவக் கடிதம் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த திகதி, ஓட்டிய வாகன வகை, பாதை, விபத்து விவரம், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் அதில் இருக்க வேண்டும். நட்பாக இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடிதம் அது. சண்டை போட்டு விலகியபின் அதே கடிதத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களின் விண்ணப்பங்கள் இப்போதும் என் மேசையில் காத்திருக்கின்றன.