சைவம், மரக்கறி, புலால் மறுத்தல்: ஒரு சொல் விளக்கம்

இலங்கைப் பாடசாலைகளில் இந்துத் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் சமய பாடத்தின் பெயர் சைவநெறி. அந்தப் பாடத்தில் சிறந்த புள்ளி எடுக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமைத்த கோழிக்கறியை விரும்பி உண்பதில் எந்த முரண்பாட்டையும் காண்பதில்லை. ஆனால் "நீ சைவமா?" என்று ஹட்டனிலோ பதுளையிலோ ஓர் உணவகத்தில் கேட்டால், இல்லை என்று அது தயங்காமல் தலையாட்டும். சமயத்தைக் குறித்த சொல்லும் உணவைக் குறித்த சொல்லும் ஒன்றாக இருந்தும், எது எப்போது பேசப்படுகிறது என்பதில், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் எவருக்கும் குழப்பம் நேர்வதில்லை. அச்சொல்லை மருத்துவ நிலையத்திலும் பொதி உணவின் மேற்சீட்டிலும் பயன்படுத்தும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

சிவம் என்னும் சொல்லிலிருந்து வடமொழி முறைப்படி முதலெழுத்து நீண்டு திரிந்து வந்தது சைவம். சிவனைச் சார்ந்தது என்பது அதன் நேர்ப்பொருள். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் சைவவாதி வருகிறான். அவன் பேசுவது தத்துவம், சாப்பாடு அன்று. உயிர்க்கொலையால் வரும் உணவை விலக்குவதற்குப் பழந்தமிழ் வைத்திருந்த பெயர் வேறு. திருக்குறளின் 26ஆம் அதிகாரத்தின் தலைப்பு புலால் மறுத்தல். அங்குள்ள பத்துக் குறள்களிலும் எந்தச் சமயத்தின் பெயரும் இல்லை. தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்காக ஊன் தருவாரும் இருக்கமாட்டார் என்று 256ஆம் குறள் கூறுவது, "நான் கொல்லவில்லை, வாங்கித்தானே தின்கிறேன்" என்னும் சமாதானத்துக்கு நேரான மறுப்பு. தமக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் பிக்குகள் இறைச்சியை ஏற்கலாம் என்னும் பௌத்த விநய விதியோடு அக்குறளை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, பௌத்தமும் மரக்கறி உணவும் ஒன்றே என்று நம் நாட்டில் நிலவும் எண்ணம் எவ்வளவு மேலோட்டமானது என்பது விளங்கும். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடைகள் மூடப்படுவது உண்மை. மறுநாள் அவை திறக்கப்படுவதும் உண்மை.

சைவர் என்றால் புலால் உண்ணாதவர் என்பதும் அதே வகையான தவறான கருத்துத்தான். சிவனுக்குத் தன் வாயால் சுவைத்துப் பார்த்த பன்றியிறைச்சியைப் படைத்த கண்ணப்பரைப் பெரியபுராணம் நாயன்மாராகவே போற்றுகிறது. எனினும் துறவும் மடமும் ஆகம வழிபாடும் ஊனை விலக்கியதால், காலப்போக்கில் ஊனற்ற சமையல் சைவச் சமையல் எனப்பட்டது. இலங்கையில் அந்தப் பொருளை இறுக்கிக் கட்டியவர்களுள் முதன்மையானவர் ஆறுமுக நாவலர் (1822–1879). பிள்ளைகளுக்காக அவர் எழுதிய வினாவிடையில் கொலை, களவோடு ஊனுண்ணலும் பாவங்களின் வரிசையில் இடம்பெற்றது. அசைவம் என்பதோ வடமொழி எதிர்மறை முன்னொட்டால் ஆக்கப்பட்ட சொல். நேராகப் பொருள் கொண்டால் சைவம் அல்லாதது. அப்படிப் பார்த்தால் பரம்பரைச் சைவர் உண்ணும் ஆட்டுக்கறி அசைவம், வைணவ ஐயங்கார் உண்ணும் தயிர்ச்சோறு சைவம் என்றாகிறது. இதை எண்ணிச் சிரிக்கலாமே தவிர, வழக்கில் வேரூன்றிய சொல்லை இனிப் பிடுங்க முடியாது.

மலையகத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு தன்மை உண்டு. அகராதிகள் அதற்குப் போதிய இடம் தருவதில்லை. இங்கே சைவம் பெரும்பாலும் ஒரு மனிதரின் இயல்பைக் குறிப்பதில்லை. ஒரு காலத்தைக் குறிக்கிறது. "இன்றைக்கு எங்கள் வீட்டில் சைவம்" என்றால் வெள்ளிக்கிழமை என்று பொருள், அல்லது கந்தசஷ்டி, அல்லது மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்தில் காப்புக் கட்டியாயிற்று என்று பொருள். காப்புக் கட்டிய நாள் முதல் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், எந்த வீட்டு அடுப்பிலிருந்தும் கருவாட்டு மணம் எழக்கூடாது என்பதில் பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். சட்டி பானையைத் தனியாகக் கழுவி எடுத்துவைப்பவர்களும் உண்டு. அதே தோட்டத்தில் கவ்வாத்து (தேயிலைச் செடிகளை வெட்டிக் கத்தரித்தல்) தொடங்கும் முன் கவ்வாத்துச்சாமிக்கும், தொழிற்சாலையின் காவல் தெய்வமான ரோதைமுனிக்கும் சேவலோ ஆடோ பலியிட்டு, அந்த இறைச்சியைச் சமைத்துப் பகிர்ந்து உண்பதும் வழிபாடுதான். எனவே இங்கே சைவம் என்பது விரதத்தின் பெயர். பொருட்பட்டியலின் பெயர் அன்று. சம்பள நாள் தூரத்தில் இருப்பதால் மூன்று வேளையும் ரொட்டியும் சம்பலுமாகக் கழிக்கும் குடும்பத்தை எவரும் சைவம் என்று சொல்லமாட்டார்கள். உண்ணாதிருப்பது வேறு, மறுத்திருப்பது வேறு என்பதை இந்த வழக்கு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது.

பொருளை மட்டும் சுட்டும் சொல் வேண்டுமானால் அது நம் கையிலேயே இருக்கிறது: மரக்கறி. தமிழ்நாட்டார் காய்கறி என்று அழைப்பதை இலங்கைத் தமிழர் மரக்கறி என்பர். நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும் கோவாவும் கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போவது மரக்கறி லொறியில்தான். இதன் பிற்பகுதியான கறி, சங்க காலத்தில் மிளகைக் குறித்தது; முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் மரக்கலம் "கறியொடு பெயரும்" என்று அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்வது அந்த மிளகைத்தான். பின்னர் மிளகிட்டுச் சமைத்த துணையுணவுக்கும், அதன்பின் இறைச்சிக்கும் அந்தப் பெயர் பரவியது. மலையகத்தில் இரண்டு பொருளும் அருகருகே வாழ்கின்றன: "பருப்புக்கறி" என்கிறோம், "தீபாவளிக்குக் கறி எடுத்தாயிற்றா?" என்றும் கேட்கிறோம், பின்னதில் எவரும் பருப்பை நினைப்பதில்லை. மறுபக்கத்துக்கு, மீனைக் குறித்த மச்சம் என்னும் வடசொல்லை யாழ்ப்பாணத்தார் எல்லாப் புலாலுக்குமாக விரித்துக்கொண்டனர். இங்கே கவிச்சி என்று அதன் வாடையால் பெயரிடுவோரும் உளர்.

ஆங்கிலத்தின் வெஜிடேரியன் என்னும் சொல் இவற்றைவிட மிகவும் இளையது. 1847இல் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில் வெஜிடேரியன் சங்கம் நிறுவப்பட்ட பிறகே அது பரவியது; அதற்கு முன் ஐரோப்பாவில் அவ்வுணவு பைதாகரசின் பெயரால் அழைக்கப்பட்டது.

மரக்கறி என்ற சொல் தெளிவானதாக இருந்தாலும், அது எழுதப்பட்ட உணவெல்லாம் தெளிவானது என்று கொள்ள முடியாது. நம் நாட்டில் இதற்கு முதற் சான்று மாசி. சூரை மீனை அவித்துப் புகையிட்டு வெயிலில் விறகுபோல் இறுக உலர்த்திய மாசிக்கருவாடு, இடிக்கப்பட்டுத் தூளானதும் பல சமையலறைகளில் மீன் என்ற தகுதியை இழந்து சரக்குத்தூளாகிவிடுகிறது. தேங்காய்ச் சம்பலில், கீரைச் சுண்டலில், சில இடங்களில் பருப்பிலும் அது சேரும். கடைக்காரர் பொய் சொல்வதில்லை. அவருடைய கணக்கில் மீன் என்பது துண்டாகத் தட்டில் கிடப்பது. ஆகவே "மரக்கறிதானே?" என்று கேட்பதைவிட "மாசி போட்டிருக்கிறதா?" என்று கேட்பதே பயன் தரும். மரக்கறி ரோல்ஸின் கதையும் இதுவே: உள்ளே கிழங்கும் லீக்ஸும் இருந்தாலும், ரொட்டித்தூள் ஒட்டுவதற்காகப் பெரும்பாலும் முட்டைக் கரைசலில் தோய்த்த பின்னரே அது எண்ணெய்க்குள் போகிறது. இந்தியாவிலிருந்து வரும் பொதிகளில் உள்ள பச்சைப் புள்ளி பாலை ஏற்கும், முட்டையை ஏற்காது. மேலைநாட்டுப் பொதிகளில் மரக்கறி எனக் குறிக்கப்பட்டதில் முட்டையும் இருக்கலாம். எதிர்த்திசையில் ஏமாற்றும் பெயரும் உண்டு. சோயா மீட் என்பதில் இறைச்சி இல்லை. எண்ணெய் நீக்கிய சோயா மாவை அழுத்திப் பிதுக்கி உலர்த்தியதே அது. அதனோடு வரும் சுவையூட்டிப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் வாசித்துக்கொள்ள வேண்டும்.

பாலையும் தேனையும் விலங்கிலிருந்து வரும் எதனையும் விலக்குவோருக்கு 1944இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வைத்த பெயர் வீகன். அதற்கு நனிசைவம் என்ற தமிழாக்கம் வழங்கி வருகிறது. நனி என்றால் மிகுதி. மிகுந்த சைவம் என்று பொருள்படும். ஓசை இனிமையானதுதான், ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாற்குடம் எடுத்து, பாலாலும் தேனாலும் அபிடேகம் செய்து, நெய்விளக்கு ஏற்றும் சமயத்தின் பெயரை, பாலைத் தொடாத உணவு முறைக்கு மிகுதிப்படுத்திச் சூட்டுவது பொருந்தவில்லை. முழுத் தாவர உணவு என்பது சற்று நீளமாயினும் சொன்னதைச் செய்கிறது. தாவர உண்ணி என்பதை மனிதருக்குச் சூட்டவே கூடாது. அது மாட்டுக்கும் மானுக்கும் உயிரியல் வைத்த பெயர்.

உடல்நலம் பற்றிய தவறான கருத்துகளுள் மிகவும் பரவியது புரதம் பற்றியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்ற பொதுக் கணக்கில், 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 கிராம் புரதம் போதும். சமைக்காத 100 கிராம் மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் உண்டு. சோற்றில் குறையும் லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டிய கட்டாயமும் இல்லை, ஒரே நாளில் உண்டால் போதும். சிக்கல் மரக்கறியால் வருவதில்லை, மரக்கறி இல்லாததால் வருகிறது: கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் புலாலற்றவையே, ஆனால் அவற்றை மட்டும் உண்பவருக்கு வயிறு நிறையுமே அன்றிச் சத்துக் கிட்டாது. சைவ உணவு என்றாலே நல்ல உணவு என்ற நம்பிக்கைக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை.

இரும்புச் சத்தில் தேயிலை நாட்டாருக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைப் போல எளிதில் உடலில் சேர்வதில்லை. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், அதிலுள்ள பொலிபீனோல்கள் அந்த இரும்பைப் பிணைத்துக்கொள்வதால், சேரும் அளவு பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். காலை ரொட்டியோடு பிளேன்டீ என்பது மலையில் அசைக்க முடியாத பழக்கம். அதை விடச் சொல்ல வேண்டியதில்லை; ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிவது சுவைக்காக வந்த வழக்கமானாலும், அதன் விற்றமின் சி இரும்பை உடல் ஏற்க உதவுகிறது.

இவற்றுள் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது விற்றமின் பி12. அதை உண்டாக்குவன நுண்ணுயிர்கள் மட்டுமே. எந்தக் கீரையும் காயும் அதற்கு நம்பத்தக்க மூலம் அல்ல. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம், ஒரு பெரிய குவளைப் பாலில் அதில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறைபாடு உடனே வெளிப்படாது. கால் மரத்துப்போதல், மறதி, சோகை என்று பின்னர் தலைகாட்டும்போது நரம்புகள் பழுதடைந்திருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் போலிக் அமிலம் அவசியமானதே, எனினும் அது சோகையின் அடையாளத்தை மறைத்து, பி12 குறைபாட்டைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தக்கூடும். எனவே பாலும் முட்டையும் உண்ணாதவர் பி12 மாத்திரையையோ பி12 சேர்த்த உணவையோ தவறாது எடுத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை நிலையத்தில் "நீங்கள் சைவமா?" என்று தாதி கேட்டால், வெள்ளிக்கிழமை மட்டும் விரதம் இருப்பவரும் பாலைக்கூடத் தொடாதவரும் ஒரே விடையைச் சொல்லக்கூடும். "பால் குடிப்பீர்களா, முட்டை சாப்பிடுவீர்களா, மீன், கருவாடு, இறைச்சி எத்தனை நாளைக்கு ஒருமுறை?" என்று பிரித்துக் கேட்டால் அந்த இருவரின் விடைகளும் வெவ்வேறாக அட்டையில் பதியும்.